நூல் காணவில்லை: இடம்பெயர்ந்த காப்பர்-டியைத் தேடுவதும் எடுப்பதும்

'விழுந்திருக்கும்.' காப்பர்-டியின் நூல் தட்டுப்படவில்லை என்று வரும் பெண்ணுக்குப் பல நேரங்களில் கிடைக்கும் பதில் இந்த ஒரு சொல்தான். ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாகத் தெரிகிறது. மாதவிலக்கோடு சேர்ந்து வெளியே போயிருக்கும், அவள் கவனித்திருக்க மாட்டாள். அடுத்த மாதம் புதிதாக ஒன்று போட்டுவிடலாம். கணக்குப்படி அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். போட்ட முதல் ஆண்டில் நூறு பெண்களில் இரண்டு முதல் பத்துப் பேருக்குக் காப்பர்-டி தானாக வெளியேறிவிடுகிறது. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போவதோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால், அந்த ஒன்றிரண்டு பேரைக் கண்டுபிடிக்க ஒரேயொரு எக்ஸ்ரே போதும். அதை எடுக்காமல் 'விழுந்திருக்கும்' என்று எழுதி அனுப்பிவிட்டதன் விளைவுகளை மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பக் காணலாம். ஒரே எக்ஸ்ரேயில் இரண்டு காப்பர்-டிகள்: ஒன்று கர்ப்பப்பையில் ஒழுங்காக இருக்கிறது, மற்றொன்று குடலோரம் தலைகீழாகக் கிடக்கிறது.

ஆயிரத்தில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் உலகில் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனத்தை நம்பியிருக்கும் பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்று ஐ.நா. 2019இல் கணக்கிட்டது. இந்தியாவில் இதன் பங்கு குறைவு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் 2.1 விழுக்காட்டினரே இதைப் பயன்படுத்துகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களோ 37.9 விழுக்காடு. ஆனாலும் இத்தனை பெரிய நாட்டில் 2.1 விழுக்காடு என்பதே பல லட்சம் பெண்கள். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலைபார்த்த மகப்பேறு மருத்துவர் யாரும் இடம்பெயர்ந்த காப்பர்-டி ஒன்றையாவது பார்க்காமல் இருந்திருப்பது அரிது.

இங்கே முதலில் ஒரு பயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். காப்பர்-டி 'மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்', 'மூளைக்குப் போய்விடும்' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். போகாது. கர்ப்பப்பையைத் தாண்டினால் அது போய்ச் சேரும் இடம் வயிற்றறை. அந்த அறைக்கு மேலே உதரவிதானம் கூரையாக நிற்கிறது. நெஞ்சுக்குப் போக அதற்கு வழியில்லை. ஆனால் அந்த அறைக்குள் எங்கு வேண்டுமானாலும் கிடக்கலாம். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், சிறுநீர்ப்பையின் சுவரில், பெருங்குடலின் மேல், குடல்வாலின் அருகில், குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் ஒமெண்டம் என்ற கொழுப்பு மடிப்புக்குள் என்று பல இடங்களில் அகப்பட்டிருக்கிறது. சிலருக்கு முழுவதும் வெளியேறாமல், ஒரு கை கர்ப்பப்பைச் சதையில் குத்தியபடி பாதியில் நின்றுவிடும்.

எப்படிப் போகிறது

'நகர்ந்துவிட்டது' என்கிறோம், அதனால் பொருத்திய பின் அது தானே ஊர்ந்து சுவரைக் குடைந்தது போன்ற படம் மனத்தில் எழுகிறது. உண்மையில் பெரும்பாலான துளைப்புகள் பொருத்தும் நேரத்திலேயே நடக்கின்றன, அல்லது அப்போதே தொடங்கிவிடுகின்றன. கருவியின் முனை சுவரில் சற்றே புதைந்துவிட்டால் போதும். மீதி வேலையைக் கர்ப்பப்பையின் சுருக்கங்கள் மெல்ல மெல்ல முடிக்கின்றன. வெளியே வந்த பிறகு குடலின் அசைவும் சிறுநீர்ப்பை நிறைந்து சுருங்குவதும் அதை இடம் மாற்றுகின்றன. ஆகவே தவறு நடக்கும் நாளுக்கும் அது தெரியவரும் நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடலாம், ஆண்டுகளும் ஓடலாம். குறை சாதனத்தில் இருப்பது அரிது. பொருத்தும் கையின் பழக்கமும் பொருத்தும் காலமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

அந்தக் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் காப்பர்-டி 380ஏ 36 மில்லிமீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பெயரிலுள்ள 380, அதன்மேல் உள்ள செம்பின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் குறிக்கிறது. முதலில் கைவிட்டுப் பார்த்து, கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்று அறிய வேண்டும். பிறகு கர்ப்பப்பை வாயை விசல்லம் என்ற இடுக்கியால் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்தால் வளைவு நேராகும். அடுத்து 'சவுண்ட்' என்ற உலோகக் கோலால் ஆழத்தை அளக்க வேண்டும்; சாதாரணமாக 6 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். காப்பர்-டியைத் தாங்கிய குழாயில் ஒரு சின்ன நீல வளையம் உண்டு. அளந்த ஆழத்துக்கு அதை நகர்த்தி வைத்தால், குழாய் அதற்குமேல் உள்ளே போகாது. கடைசி அடிதான் முக்கியம். உள்ளிருக்கும் கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக்குழாயைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்போது டியின் கைகள் தாமாக விரியும். கோலைத் தள்ளிச் சாதனத்தை முன்னால் செலுத்தினால் அது சுவரில் போய்க் குத்தும். இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளுவதும், பின்சாய்ந்த கர்ப்பப்பையை முன்சாய்ந்ததாக எடுத்துக்கொள்வதும்தான் துளைப்புக்குப் பெரும்பாலும் காரணம். இந்த இரண்டையும் நல்ல பயிற்சியால் தவிர்த்துவிடலாம்.

காலத்தைப் பற்றி இப்போது நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆறு ஐரோப்பிய நாடுகளில் 61,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த யூராஸ் ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. ஹார்மோன் சாதனம் போட்டவர்களில் ஆயிரத்துக்கு 1.4 பேருக்கும், செம்புச் சாதனம் போட்டவர்களில் 1.1 பேருக்கும் துளைப்பு நேர்ந்திருந்தது. ஆனால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பொருத்தியவர்களிடம் அது ஏறத்தாழ ஆறு மடங்கு. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கர்ப்பப்பைச் சுவர் மெலிந்து மென்மையாகிறது. சுருக்கங்களும் வலுவாக இருக்கின்றன. 2022இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்காவின் அபெக்ஸ் ஆய்வு இன்னும் பெரியது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கியது. பிரசவமாகி நான்காம் நாள் முதல் ஆறு வாரம் வரை பொருத்தியவர்களிடம் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்காக உயர்ந்திருந்தது. முதல் மூன்று நாட்களுக்குள் பொருத்தியவர்களிடம் அந்த அளவு ஏற்றம் இல்லை. தாய்ப்பாலின் பங்கும் முந்தைய ஆய்வு சொன்னதைவிட மிகச் சிறியதாகவே இதில் தெரிந்தது.

இந்தியாவுக்கு இந்த முடிவு நேராகப் பொருந்தும். இங்கே குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியனின் போதோ காப்பர்-டி வைக்கும் முறை பரவலாகிவிட்டது. அப்போது சுவர் தடிமனாக இருப்பதால் துளைப்பு குறைவு. ஆனால் வெளியேறுவது அதிகம். நூலும் உடனே வாய்க்கு வெளியே தெரியாது. கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க வாரக்கணக்கில் நூல் சுருண்டு உள்ளேயே நின்றுவிடுவதும் உண்டு. இந்த ஒரு மாற்றத்தாலேயே 'நூல் காணவில்லை' என்று வரும் பெண்களின் கூட்டம் நம் மருத்துவமனைகளில் பெருகியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சாதனம் அதன் இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. வயிற்றுக்குள் போன சிலரை இந்தப் பலருக்குள்ளிருந்து பிரித்தெடுப்பதுதான் வேலை.

பழைய வளையங்கள்

1920களின் இறுதியில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிரேஃபென்பெர்க் தம் உலோக வளையத்தை அறிமுகப்படுத்தினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜாக் லிப்பீஸ் வளைந்து நெளிந்த பிளாஸ்டிக் 'லூப்'பைக் கொண்டுவந்தார். இந்திய அரசு 1965இல் அதைத் தேசியத் திட்டமாக்கியது. இலக்கு வைத்து, முகாம் போட்டு, பின்தொடர்ந்து பார்க்க ஆளில்லாமல் பொருத்தினார்கள். உதிரப்போக்கும் வதந்தியும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டத்தைப் படுக்கவைத்துவிட்டன. இன்றைய பாட்டிகள் சிலரின் வயிற்றில் அந்த லூப் இன்னும் இருக்கிறது. வேறு எதற்கோ எடுக்கும் எக்ஸ்ரேயில் திடீரென்று தென்படும். பிளாஸ்டிக்கில் பேரியம் உப்பைக் கலந்திருந்ததால்தான் அது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

அந்தக் காலகட்டம் விட்டுச்சென்ற முக்கியமான பாடம் மூடிய வளையங்களைப் பற்றியது. பிர்ன்பெர்க் 'போ' போன்ற மூடிய வடிவச் சாதனங்கள் வயிற்றறைக்குள் போனபோது, குடலின் ஒரு வளைவு அந்த ஓட்டைக்குள் நுழைந்து நெரிபட்டு உயிராபத்தானது. அவை கைவிடப்பட்டன. மூடிய வளையம் வெளியே போனால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும் என்ற விதி அப்போது உருவானதுதான். சீனாவில் 1980களில் பெருவாரியாகப் போடப்பட்ட எஃகு வளையங்களுக்கு நூலே கிடையாது. பெண் தானாக எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். நூல் என்பது வெறும் இழுப்புக் கயிறு இல்லை. சாதனம் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரே வெளி அடையாளம் அதுதான். அதை வேண்டுமென்றே இல்லாமல் செய்த அரசின் செயலை மருத்துவக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேடும் வரிசை

நூல் தெரியவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சாதனம் வெளியே போயிருந்தால் பாதுகாப்பும் போய்விட்டது; பல பெண்களுக்கு இடப்பெயர்வைக் காட்டிக்கொடுப்பதே எதிர்பாராத கர்ப்பம்தான். எக்ஸ்ரேவுக்கு முன்னால் இதை உறுதி செய்தே ஆக வேண்டும். கர்ப்பம் உண்டென்றால், அது கருக்குழாயில் இல்லை, கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்பதையும் உடனே பார்க்க வேண்டும். சாதனமும் கருவும் இரண்டுமே கர்ப்பப்பைக்குள் இருந்து, நூலும் கண்ணுக்குத் தெரிந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் மெதுவாக இழுத்து எடுத்துவிடுவது நல்லது. அப்படியே விட்டால் கருச்சிதைவு, கிருமித்தொற்று, குறைமாதப் பிரசவம் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும்.

கர்ப்பம் இல்லை என்றால் கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார்கள். சில நேரம் நூல் வாய்க்குள் சற்றே மேலே சுருண்டிருக்கும். சின்னப் பிரஷ்ஷால் சுழற்றினால் இறங்கிவிடும். இல்லையென்றால் ஸ்கேன், முடிந்தால் உள்வழி ஸ்கேன். சாதனம் உரிய இடத்தில் சரியாக இருப்பது தெரிந்தால், நூல் தெரியவில்லை என்பதற்காகவே அதைப் பிடுங்க வேண்டியதில்லை. காலாவதி ஆகும்வரை அது தன் வேலையைச் செய்யும். கைகள் சதையில் குத்தியிருக்கின்றனவா என்று பார்க்க முப்பரிமாண ஸ்கேன் உதவும். குத்தியிருந்தால் கர்ப்பப்பைக்குள் பார்க்க உதவும் ஹிஸ்டெரோஸ்கோப்பால் நேரில் பார்த்தபடியே எடுக்கலாம். பார்க்காமல் கொக்கி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தால், பாதியில் நின்றது முழுவதும் போய்விடும்.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலி என்றால் இங்கேதான் வழி பிரிகிறது. ஸ்கேன் குடலின் வாயுவுக்குள் புகுந்து பார்க்காது. வயிற்றறையில் கிடக்கும் காப்பர்-டி அதில் தப்பிவிடும். அடுத்தது வயிறும் இடுப்பும் முழுவதும் வரும்படி ஒரு எக்ஸ்ரே. இடுப்பை மட்டும் எடுத்தால் போதாது. ஒமெண்டத்தோடு ஒட்டிக்கொண்டு மேல்வயிற்றுக்குப் போயிருக்கலாம். படம் உதரவிதானத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால்தான் 'விழுந்துவிட்டது' என்று எழுதும் உரிமை மருத்துவருக்குக் கிடைக்கிறது. இருந்தால், கர்ப்பப்பைக்கு வெளியேதான் இருக்கிறது என்பது உறுதி. நடுக்கோட்டிலிருந்து விலகி, சாய்ந்தோ தலைகீழாகவோ கிடப்பது அதை இன்னும் உறுதிப்படுத்தும். குடலையோ சிறுநீர்ப்பையையோ தொட்டிருக்கிறதா என்று அறிய சி.டி. ஸ்கேன். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆனால் ஆபரேஷனுக்குள் போகும் மருத்துவர் எதிர்பாராமல் குடலில் கைவைக்க நேர்வதை அது தடுக்கும்.

எடுப்பதா, விடுவதா

இந்தக் கேள்வியில் மருத்துவ உலகம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. பாடப்புத்தகங்களும் பெரும்பாலான மகப்பேறு நிபுணர்களும் சொல்வது: கண்டுபிடித்ததும் எடுத்துவிடுங்கள். செம்பு சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள திசுவில் அழற்சியைத் தூண்டுகிறது. குடலும் ஒமெண்டமும் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாளாக ஆக ஒட்டு இறுகும், எடுப்பது கடினமாகும், உறுப்பைத் துளைக்கும் வாய்ப்பும் இருந்துகொண்டே இருக்கும்.

மறுபக்கம், உலக சுகாதார நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007 முதல் வெளியிட்டுவரும் குடும்ப நலக் கையேடு நிதானமாகப் பேசுகிறது. போட்ட ஆறு வாரத்துக்குள் தெரியவந்தாலோ, பின்னால் தொந்தரவு கொடுத்தாலோ இத்தகைய சாதனங்களை எடுப்பதில் பழகிய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மற்றபடி இடம் தவறிய சாதனம் பெரும்பாலும் தொல்லை தராது, அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு கருத்தடை முறை கொடுங்கள் என்பது அதன் நிலை. இது அலட்சியம் இல்லை. லேப்ராஸ்கோபி வசதியில்லாத ஊர்களில், தொந்தரவே இல்லாத ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழிப்பது சாதனத்தைவிடப் பெரிய ஆபத்தாகலாம் என்ற கணக்கு அது. ஒட்டைப் பிரிக்கப் போய் புதிய ஒட்டை உண்டாக்குவதும் நடக்கக்கூடியதே.

இரண்டு நிலைகளுமே தத்தம் சூழலில் நியாயமானவை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் லேப்ராஸ்கோபி மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்வில் வேலையும் பிள்ளைப்பேறும் பாக்கியிருக்கும் இளம்பெண்ணின் வயிற்றில் செம்பை விட்டுவைக்க இங்கே காரணம் மிகக் குறைவு. எழுபது வயதில், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாக அகப்பட்ட வெறும் பிளாஸ்டிக் லூப்பை, இதய நோயும் உள்ள பாட்டியிடமிருந்து மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய காரணமும் அதே அளவு குறைவு. ஒன்று மட்டும் இரு பக்கத்துக்கும் பொது: விடுவது என்று முடிவெடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து, பெண்ணிடம் சொல்லி, எழுதி வைத்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். என்னவென்று தெரியாமலே விட்டுவைப்பதை 'கண்காணிப்பு' என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

துளைத்துவிட்டது பொருத்தும்போதே தெரிந்துவிட்டால் வேலை இன்னும் எளிது. கோல் அளவுக்கு மீறித் தடையில்லாமல் உள்ளே போனாலோ, பெண் தாங்காத வலியில் துடித்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சாதனம் போய்விட்டிருந்தால், நூல் தெரியும்பட்சத்தில் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம், தடுத்தால் விட்டுவிட வேண்டும். படுக்க வைத்து முதல் ஒரு மணி நேரம் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். துளை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

வயிற்றுக்குள்ளே

லேப்ராஸ்கோப் உள்ளே போனதும் பல நேரம் காப்பர்-டி கண்ணுக்குப் படாது. ஒமெண்டத்தில் மஞ்சளாக ஒரு முடிச்சு தெரியும். அதிலிருந்து நூலின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியைப் பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் ஒட்டியிருக்கும் குடல் கிழியும். முடிச்சைச் சுற்றி ஒட்டைக் கத்தரித்துப் பிரித்து, செம்புக்கம்பியின் பளபளப்பு தெரிந்தபின் தண்டைப் பிடித்துக் குழாய் வழியாக வெளியே எடுப்பார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை பலரும் நினைப்பதைவிட முக்கியமானது: எடுத்ததைத் துணியில் வைத்து எண்ணிப் பார்ப்பது. தண்டு ஒன்று, கைகள் இரண்டு, நூல், செம்பு எல்லாம் இருக்கின்றனவா? உடைந்த கை ஒன்று உள்ளே தங்கியிருந்தால் ஆபரேஷன் முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்த நாளுக்கும் ஆபரேஷன் நாளுக்கும் இடையே சாதனம் இடம் மாறியிருக்கலாம் என்பதால், சி-ஆர்ம் எக்ஸ்ரேயைத் தியேட்டரிலேயே தயாராக வைத்திருப்பவர்கள் தேடும் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள்.

சிறுநீர்ப்பையில் நுழைந்தவற்றின் கதை தனி. மூத்திரம் போகும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய உந்துதல், சில நேரம் ரத்தம். மூத்திரப் பரிசோதனையில் கிருமி, அதற்கு ஆன்டிபயாட்டிக், கொஞ்ச நாளில் மீண்டும் அதே. இப்படி ஆண்டுக்கணக்கில் அலைந்தபின் ஒரு எக்ஸ்ரேயில் கல் தெரியும், கல்லுக்குள் டி வடிவம் தெரியும். அன்னியப் பொருள் மேல் மூத்திரத்தின் உப்புகள் படிந்து, பானையின் உட்சுவரில் சுண்ணாம்பு ஏறுவதுபோல் அடுக்கடுக்காக ஏறிய கல் அது. முழுவதும் பைக்குள் இருந்தால் மூத்திர வழியிலேயே சிஸ்டோஸ்கோப் விட்டு, கல்லை உடைத்து எடுத்துவிடலாம். பாதி சுவரில் புதைந்திருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல ஆண்டுக்குமுன் காப்பர்-டி போட்டதாகச் சொல்லும் பெண்ணுக்கு மூத்திரத்தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரக மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதை எடுத்துவிட்டீர்களா என்பதே. நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

குடலைத் துளைத்தது இன்னும் சிக்கல். அடிவயிற்று வலி, மலத்தில் ரத்தம் என்று வரலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அரிதாக ஆசனவாய் வழியே நூல் வெளியே வரும். அதை யாரும் இழுக்கக் கூடாது, வீட்டிலும் சரி, கிளினிக்கிலும் சரி. உட்பக்கம் குடலுக்குள்ளேயே இருக்கும் பகுதி பெரிது என்றால் கொலோனோஸ்கோப் வழியாகச் சுருக்குப் போட்டு எடுக்க முடிகிறது. இல்லையென்றால் குடல் அறுவை மருத்துவர் பக்கத்தில் இருக்க லேப்ராஸ்கோபி, சில சமயம் குடலில் ஒரு துண்டையே வெட்ட வேண்டிவரும்.

கைக்குச்சிகளின் கதை

நெஞ்சுக்குப் போகாது என்று காப்பர்-டியைப் பற்றிச் சொன்னது கைக்குள் வைக்கும் குச்சிக்குப் பொருந்தாது. நான்கு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டர் பருமனும் கொண்ட ஹார்மோன் குச்சியை மேற்கையின் உட்புறத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். மூன்று ஆண்டு வேலை செய்யும். இலங்கையில் 'ஜடேல்' என்ற இரட்டைக் குச்சி பலருக்குத் தெரிந்தது. இந்தியாவிலும் அரசுத் திட்டத்துக்குள் ஒற்றைக் குச்சி அண்மையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. தோலடிக் கொழுப்பைத் தாண்டி ஆழமாக இறங்கினால் அது தசைக்குள்ளோ நரம்புக்கு அருகிலோ போய்விடும். ரத்தக்குழாய்க்குள் தவறி விழுந்தால், இதயம் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய்த் தங்கும். மிக அரிதுதான், ஆனால் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2016இலும் 2020இலும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. இரத்தக்குழாயும் நரம்பும் செல்லும் பள்ளத்திலிருந்து விலகி, ட்ரைசெப்ஸ் தசை மேல் வைக்க வேண்டும் என்று பொருத்தும் இடமே மாற்றப்பட்டிருக்கிறது.

இதிலும் தேடும் தர்மம் ஒன்றே: தெரியாத குச்சியை வெட்டித் தேடக் கூடாது. முதலில் விரலால் தொட்டுப் பார்ப்பது, பிறகு கையில் எக்ஸ்ரே, உயர் அதிர்வெண் ஸ்கேன். இம்பிளானான் என்ற பழைய வகைக் குச்சி எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குப் பின் வந்த நெக்ஸ்ப்ளானானில் பேரியம் சேர்த்ததால் தெரியும். கையில் இல்லையென்றால் நெஞ்சு எக்ஸ்ரே. அப்போதும் இல்லையென்றால் ரத்தத்தில் ஹார்மோன் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் குச்சி உடம்புக்குள்தான் எங்கோ இருக்கிறது. நுரையீரல் தமனியில் அகப்பட்டதை, சீக்கிரம் தெரிந்தால், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுச் சுருக்கிட்டு எடுத்துவிடலாம். நாளானால் குழாயின் உள்சுவர் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். பிறகு நெஞ்சைத் திறந்தாக வேண்டும். போட்ட அன்றே பெண்ணைத் தன் விரலால் குச்சியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதுதான் இதற்கான மிக மலிவான பாதுகாப்பு.

சீட்டு

கடைசியாக ஒரு விஷயம், மருத்துவத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்டது. காப்பர்-டி தேட வேண்டும் என்றால், அது உள்ளே இருக்கிறது என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசவ அறையில், கையெழுத்து வாங்கியும் வாங்காமலும், சரியாகச் சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள் என்ற புகாரைப் பெண்கள் நல அமைப்புகள் ஆண்டுகளாக எழுப்பிவருகின்றன. பிரசவத்துக்குப் பின் ஒரு காப்பர்-டி வைத்தால் வைத்தவருக்கும் அழைத்துவந்த ஆஷா பணியாளருக்கும் தலா 150 ரூபாய் என்ற ஊக்கத்தொகை இருக்கும் திட்டத்தில், அந்தப் புகாரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பத்து ஆண்டுக்குப் பிறகு வயிற்றுவலி என்று வேறு ஊர் மருத்துவமனையில் நிற்கும் பெண், 'எனக்குக் காப்பர்-டி போடவே இல்லை டாக்டர்' என்பாள். எக்ஸ்ரே அதற்கு மாறாகச் சொல்லும்.

கையடக்கச் சீட்டு ஒன்றில் வகை, போட்ட நாள், மாற்ற வேண்டிய ஆண்டு, பிரசவத்தின்போதா பிறகா என்ற விவரம் எழுதிக் கொடுப்பது விதியாக உண்டு. பாதிப் பேருக்காவது அது கிடைத்தால் ஆச்சரியம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் 'போட்டாயிற்று' என்ற ஒரு வரிக்குப் பக்கத்தில் ஆறாம் வாரத்தில் நூல் பார்த்தாயிற்றா என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தால் நல்லது. நூல் தெரியாதவரை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் 'காப்பர்-டி தவறிவிட்டது' என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: நூல் தெரியவில்லை, கர்ப்பம் இல்லை, ஸ்கேனில் கர்ப்பப்பை காலி, உதரவிதானத்திலிருந்து இடுப்பெலும்பு வரை எக்ஸ்ரே எடுக்கவும், முடிவு தெரியும்வரை புதிது போட வேண்டாம்.